நம்மாளுங்களைத் தேடாதீர்கள்

நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரில் இருக்கிறார்கள், லண்டனில் இருக்கிறார்கள், டொராண்டோவில் இருக்கிறார்கள். மஞ்சள் காட்டிலும் மரவள்ளிக் காட்டிலும் பாடுபட்டுப் பெற்றோர் படிக்க வைத்த பிள்ளைகள். வேலை கிடைத்துவிட்டது, சம்பளமும் வருகிறது. ஆனால் போனில் கூப்பிட்டால் ஒரே புலம்பல்: "இங்க பேசறதுக்கு ஒரு ஆள் இல்லீங்கம்மா." சனி, ஞாயிறு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்கிறார்கள். இங்கே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. அப்பா ஒரு வழி சொல்கிறார்: "அங்கயும் நம்மாளுங்க இருப்பாங்க கண்ணு, விசாரிச்சுப் பாரு."

அப்பா சொல்லும் நம்மாளுங்க யார் என்று பிள்ளைக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தமிழர்கள் எல்லோரும் அதில் சேர்த்தியில்லை, நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் சேர்த்தியில்லை. சாதிக்காரர்கள் மட்டும்தான். பிள்ளையும் தேடுகிறான். ஒரு வாட்ஸ்அப் குழு கிடைக்கிறது, பொங்கலுக்கு ஒரு விருந்து கிடைக்கிறது, ஜாதகம் பரிமாற ஆள் கிடைக்கிறது. தனிமை தீர்ந்தது என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். அந்தத் தனிமையே இந்தப் பழக்கத்தில் விளைந்ததுதான் என்பது என் கருத்து.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டைகள் வரிசையாக நிற்கும். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலியை எடுப்பார், ஒடிப்பார், உள்நிறத்தைப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். பிறகுதான் விலை. விளைவித்தவர் எந்தத் தெருக்காரர் என்று கேட்டு யாரும் குவிண்டாலுக்கு விலை வைப்பதில்லை. ஏலம் முடிந்து டீக்கடைக்கு வந்து பாருங்கள். புதிதாக ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தால், "எந்த ஊருங்க? அங்க எந்தப் பக்கம்? அப்பா பேரு என்னங்க? குலசாமி எங்க இருக்குது?" நாலு கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். அந்த மனிதர் நல்லவரா, வாக்குத் தவறாதவரா, பேசிப் பழகத் தக்கவரா என்று அதற்குப் பிறகு ஆராய வேண்டியதே இல்லை. மஞ்சளுக்குக் கொடுக்கும் மரியாதையை நாம் மனிதனுக்குக் கொடுப்பதில்லை.

ஊரில் நமக்கு உறவுக்குப் பஞ்சமில்லை, உண்மைதான். பங்காளி உண்டு, மாமன் மச்சான் உண்டு, நோம்பிக்கு ஒரம்பரை வந்து வீடு நிறையும். மொய் எழுத யார் வருவார்கள், பாடை தூக்க யார் வருவார்கள் என்பதெல்லாம் பிறக்கும்போதே முடிவாகிவிட்டவை. அவற்றில் நாமாகத் தேடிப்போய்ச் சம்பாதித்த உறவு எத்தனை? பள்ளியில் பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன் நம் வீட்டு அடுப்படி வரை வந்திருக்கிறானா? வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினோமா? அறிமுகமில்லாத ஒருவரோடு பேச்சைத் தொடங்கி, பழகி, நம்பி, கோபித்து, சமாதானமாகி நண்பனாக்கிக்கொள்ளும் கலையை இருபத்தைந்து வயது வரை ஒருவனுக்குச் சொல்லித் தராமல் விட்டோம். பல மொழிக்காரர்கள் நிறைந்த பெருநகரத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும் அவன் ஊமையாகிறான் என்றால் அது அந்த நகரத்தின் குற்றமா?

கற்றுத் தராதது மட்டுமல்ல, கற்றவனைத் தண்டித்தும் இருக்கிறோம். நம் மாவட்டத்தில், திருச்செங்கோட்டு மலைக்கோயிலில், 2015 ஜூன் மாதம் ஒரு தலித் பொறியியல் பட்டதாரி தன் கல்லூரித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் கடத்தப்பட்டார், கொல்லப்பட்டார், உடல் ரயில் பாதையில் கிடந்தது. தோழி வேறு சாதி. 2022இல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு நட்பு உயிரை வாங்கிய மண் இது. இந்த மண்ணிலிருந்து போகிறவனுக்கு அந்நியரைக் கண்டால் மனம் திறக்கவில்லை என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

நட்பு தானாக வரும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராவதற்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது அவர் கண்டது. வாரம் நான்கு மணி நேரம் கொடுத்தாலும் ஒரு வருடம் பிடிக்கும். அந்த வருடத்தைக் கொடுக்கும் பொறுமை இல்லாமல், முதல் மாதமே சாதிக் குழுவில் போய் விழுகிறான். வார இறுதிகள் அங்கேயே கரைகின்றன. பத்து வருடம் கழித்தும் அந்த நகரத்தில் அவனுக்கு ஒரு சீன நண்பர் கிடையாது, ஒரு ஆப்பிரிக்க நண்பர் கிடையாது, பக்கத்து ஃபிளாட்காரர் பெயர் கூடத் தெரியாது.

"முதல் நாள் இரவு தங்க இடம் கொடுத்தது சாதிக்காரன்தானே? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவன்தானே?" என்று கேட்பார்கள். உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தார் வைத்திருந்த கிட்டங்கிகள் தங்கவும் தொழில் செய்யவும் இடம் தந்து பலரைக் கரையேற்றின. ஆனால் அந்தக் கதவு எல்லாத் தமிழனுக்கும் திறந்த கதவு அல்ல. அதே கப்பலில் கூலியாக வந்தவன் எங்கே போவான்? சொந்தச் சாதிக்கு மட்டும் கிடைக்கும் உதவியை ஒழுக்கம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சுயநலத்தை உதவி என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோம். லாபக் கணக்குப் பார்த்தாலும் அது சரியில்லை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வழி காட்டியது நெருங்கிய சொந்தமல்ல, எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்களே என்று காட்டினார். ஒரே வட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், புதுச் செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

வேறு வழியும் நம்மவர்கள் கண்டிருக்கிறார்கள். பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்குக் கப்பலேறிப் போய் அங்கிருந்த தமிழர்களிடம் சாதியை விடச் சொன்னார். திருவாரூரிலிருந்து 1924இல் சிங்கப்பூர் போன கோ. சாரங்கபாணி அந்தச் சிந்தனையை அங்கே வேரூன்ற வைத்தவர். 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார், 1952இல் தமிழர் திருநாள் கொண்டாட வைத்தார். சாதி, மதம் பாராமல் தமிழர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்த விழா அது. குடியுரிமை வாங்குங்கள், இந்த நாட்டுக்காரர்களாக வாழுங்கள் என்று வற்புறுத்தினார். அவரே சீனப் பெண்ணை மணந்துகொண்டவர். அவர் அங்கே போனபோது வாட்ஸ்அப்பா இருந்தது?

இந்தச் சாதிக் குழுக்களால் அதிகம் அவதிப்படுவது கணவனோடு போகும் பெண்கள். சில நாடுகளில் துணைவர் விசாவில் போனவர் உடனே வேலைக்குப் போக முடியாது. வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணுக்குக் காட்டப்படும் ஒரே வெளி அந்தக் குழு. அங்கே சனிக்கிழமை அவள் யாரோடு காபி குடித்தாள், என்ன உடுத்தினாள் என்பது ஞாயிற்றுக்கிழமை காலை ராசிபுரத்துக்கு, மாமியார் காதுக்கு வந்துவிடும். துணை என்று சொல்லிக் காவல் போடுகிறார்கள்.

நாம் சாதியைக் கொண்டுபோன செய்தி அந்த ஊர்ச் சட்டங்களுக்கும் எட்டிவிட்டது. 2023 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் போட்ட முதல் நகரம் அதுதான். வெள்ளைக்காரனுக்கும் கறுப்பனுக்கும் இடையில் இல்லாத புதுப் பாகுபாட்டைத் தடுக்க அவர்கள் தனியாகச் சட்டம் எழுத வேண்டியதாயிற்று. நாம் வெட்கப்பட வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போனார். கொலம்பியாவில் படித்து, லண்டனுக்கும் போய், 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பினார். அந்நிய நகரங்களில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே அவருக்கு மறந்துபோயிருந்தது. பரோடாவில் ரயில் இறங்கியதும், எங்கே தங்குவது என்ற கேள்வி எழுந்தது. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். சில நாளில் தடியோடு வந்து துரத்தினார்கள். நண்பர்களும் இடம் தரவில்லை. நகரத்தின் பொதுப் பூங்காவில் துயரத்தோடு உட்கார்ந்திருந்தார். கடல் கடந்த ஊர் கொடுத்த இடத்தைச் சொந்த ஊர் கொடுக்கவில்லை.

நிறத்தைப் பார்த்து வீட்டுக்காரர் வீடு தரவில்லை என்று நம் பிள்ளை வெளிநாட்டிலிருந்து சொல்லும்போது நமக்குக் கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளை அனுப்பிய பணத்தில் எழுந்த வீட்டின் மாடிப் போர்ஷன் இங்கே காலியாக இருக்கிறது. வாடகைக்குக் கேட்டு வரும் வாத்தியாரிடமும் நர்ஸிடமும் நாம் முதலில் என்ன கேட்கிறோம்?

பெற்றோரே, உங்கள் மகனுக்கும் மகளுக்கும் அங்கே நண்பர்கள் அமைய வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினால், "நம்மாளுங்களை விசாரி" என்று இனிமேல் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசச் சொல்லுங்கள். அடுத்த முறை வாடகைக்கு ஆள் வரும்போது, குலசாமி எது என்று கேட்காமல் மாடிச் சாவியைக் கொடுங்கள்.