ஈகையன்று, ஒப்புரவு

கட்டடக் கலையும் நகரத் திட்டமிடலும் பயிலும் மாணவர்க்குக் கணக்கும் வரைதலும் கற்பிக்கப்படுகின்றன. தூணின் வலிமையும் கூரையின் சரிவும் அளந்து காட்டப்படுகின்றன. ஆனால், கட்டடத்துள் நுழைய இயலாது வாயிலிலேயே நின்றுவிடும் மனிதரை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை எங்ஙனம் கற்பிப்பது? இது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. அறத்தின்பாற்பட்ட வினாவும் ஆகும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் இரு வேறு அதிகாரங்களாக வகுத்தார். இல்லாதவர்க்கு இரங்கி அளிப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்பவர் ஊருக்கெனச் செய்யும் கடமை ஒப்புரவு. அதற்கு ஊருணி உவமையாயிற்று. ஊருணியில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் போதுமா? இறங்க இயலாத மூதாட்டிக்கு ஒருவர் நீர் மொண்டு கொடுப்பாராயின் அது ஈகை. அவரும் இறங்கி மொள்ளுமாறு படியமைப்பதே ஒப்புரவு. முன்னதில் அவர் பிறர் வரவுக்காகக் காத்திருக்கிறார். பின்னதில் தம் விருப்பப்படி வந்து போகிறார்.

பாகான் டாலாமில் வாழும் ஒருவர் சக்கர நாற்காலியில் ஜார்ஜ் டவுன் செல்வதாகக் கொள்வோம். வீட்டு வாயில், சாலையோரம், பட்டர்வொர்த் படகுத்துறை, கடல் கடக்கும் படகு, அக்கரைத் தெரு ஆகிய அனைத்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகளாம். ஒன்று அறுந்தாலும் பயணம் அறுந்துபோகும். 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனில், ‘ஐந்தடி’ எனப்படும் கடையோர நடைவழிகள் உள்ளன. 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரமைப்பில் வற்புறுத்தப்பட்ட இம்முறை, வெயிலிலும் மழையிலும் நடப்போர் அனைவர்க்கும் நிழல் தந்தது. ஆயினும், கடைக்குக் கடை தளம் உயர்ந்து தாழ்வதும், சரக்கும் மோட்டார் சைக்கிளும் வழியை அடைப்பதும் அப்பொதுமையைக் குலைத்துவிடுகின்றன. நல்ல வடிவம் மட்டும் போதாது. அதன் நோக்கத்தை மறவாத மக்களும் வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. மலேசியாவில் மாற்றுத்திறனாளர் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. அவர்தம் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை நாடு 2010இல் ஏற்றுறுதி செய்தது. எனினும், சட்டத்துக்கு அஞ்சி இறுதியில் ஒட்டவைக்கப்படும் சாய்தளம் பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒன்றரை அடி உயர வாயிலுக்குப் பதினெட்டடி தேவை. முதல் கோட்டிலேயே எண்ணப்படாதவர்க்கு, கடைசிக் கோட்டில் இடம் எஞ்சுவதில்லை.

செலவு மிகும் என்பர் சிலர். ஆனால், சாய்தளம் சக்கர நாற்காலிக்கு மட்டும் உரியதன்று. குழந்தை வண்டி தள்ளும் தாயும், சுமை இழுக்கும் தொழிலாளியும், முழங்கால் நோவும் முதியவரும் அதனால் பயன் பெறுவர். இன்று விரைந்து நடப்பவரும் நாளை முதுமையடைபவரே.

எனவே, மாணவர் பயிற்சி எங்குத் தொடங்க வேண்டும்? மாணவரைச் சில நாழிகை சக்கர நாற்காலியில் அமர்த்தியும், கண்ணைக் கட்டி நடக்கவிட்டும் பயிற்றுவதுண்டு. அது தடையை உணர்த்தும். ஆனால் அத்தடையோடு நாள்தோறும் வாழ்பவரின் திறனை உணர்த்தாது. அதனால் இரக்கம் பிறக்கலாம், அறிவு பிறக்காது. அறிவு வேண்டுமாயின் பயன்படுத்துவோரையே ஆசிரியராகக் கொள்ள வேண்டும்.

பினாங்கில் அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012இல் உள்ளாட்சி மன்றங்களோடு இணைந்து, ஜார்ஜ் டவுனின் ஜாலான் சுங்கை, செபராங் பிறையின் அம்பாங்கான் ஆகிய மக்கள் வீடமைப்பு அடுக்ககங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்போரின் தேவைகள் கேட்டறியப்பட்டன; எதற்கு முதலில் பணம் செலவிடுவது என்பதை அவர்களே வாக்களித்துத் தெரிந்தனர். 1969இல் பினாங்கில் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் வீடமைப்பும் கட்டடமும் திட்டமிடலும் ஒரே புலத்தில் பயிலப்படுகின்றன. அத்தகைய மாணவர் எழுதுகோலை எடுக்குமுன் அடுக்ககத்துக்குச் சென்று செவிசாய்ப்பாராயின், வரைபடம் தானே திருந்தும்.

இது கட்டடக் கலைஞர்க்கு மட்டும் உரிய பாடமன்று. பள்ளியின் வாயிற்படியையும் கழிப்பறையையும் அளந்து, இங்கு யார் வர இயலாது என மாணவரைக் கேட்கச் செய்யும் ஆசிரியர், திருக்குறள் வகுப்பைச் சுவருக்கு வெளியே கொண்டு செல்கிறார். ஒப்புரவு மனப்பாடம் செய்யப்படுவதோடு நில்லாது அளக்கப்படவும் வேண்டும். அதற்கு ஓர் அளவுகோலும் கேட்கும் செவியும் போதும்.