இரண்டு காசுகள்

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போட்ட ஏழை விதவையைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவப் பெண் இருக்க மாட்டாள். ஆலயக் கட்டட நிதி திரட்டும் மாதங்களில் அந்த விதவை தவறாமல் வருவாள். தன் பிழைப்புக்கு இருந்ததையெல்லாம் அவள் கொடுத்தாள், நீங்களும் கொடுங்கள் என்று பிரசங்கம் முடியும்.

மாற்கு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தைச் சில வசனங்கள் முன்னதாகத் தொடங்கி வாசித்துப் பாருங்கள். நீண்ட அங்கி அணிந்து, சந்தைவெளியில் வணக்கம் எதிர்பார்த்து, நெடுநேரம் ஜெபித்துக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் வருகிறாள் அந்த விதவை. அதற்கடுத்து, அதே ஆலயம் கல்லின்மேல் கல் இல்லாமல் இடிந்துபோகும் என்கிறார். இரண்டு கண்டனங்களுக்கு நடுவே நிற்பவள் அவள். அவள் கொடுத்ததே பெரிது என்கிறார் இயேசு. ஆனால் நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று அங்கே அவர் சொல்லவில்லை. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களை 7ஆம் அதிகாரத்தில் கடிந்துகொண்டவரும் அவர்தான்.

அவளுடைய பக்தி மெய்யானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேள்வி அவளுக்கானதல்ல, அந்தக் காசுகளை வாங்கிக்கொண்டவர்களுக்கானது. அன்றிரவு அவள் என்ன சாப்பிட்டாள்?

விதவைகளின் வீடுகள் சட்டப்படியே விழுங்கப்பட்ட காலமும் இருந்தது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916இல் வந்தது. உயில் இல்லாமல் இறந்தவரின் மகளுக்கு, மகனுடைய பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுட்கால அனுபோகம் மட்டும்; மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். ஞாயிறு ஆராதனை தவறாத குடும்பங்கள் இதைப் பல பத்தாண்டுகள் மனஉறுத்தலின்றிக் கடைப்பிடித்தன. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் மகள்களுக்குச் சமபங்கு உண்டென்று தீர்ப்பளித்தபோது, சபைகளுக்குள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பியது.

முக்காடு, உபவாசம், தசமபாகம் ஆகிய மூன்றையும் நம் வீட்டுப் பெண்கள் குறைவின்றிச் செய்கிறார்கள். அவர்களிடமே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, சகோதரர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள். மகனுக்கு எழுதியதை மகளுக்கும் எழுதும் தகப்பனும், தன் பங்கைக் கேட்கும் மகளைப் பேராசைக்காரி என்று சொல்லாத தாயும், அந்தப் பத்திரத்தை நீட்ட மறுக்கும் அண்ணனும் செய்வதே விசுவாசம். அதற்குப் பாடகர் குழு தேவையில்லை. சார்பதிவாளர் அலுவலகம் போதும்.