காண்டலா, கருதலா?

கண்ணுக்கு எட்டாத மூலக்கூறு ஒன்று இருப்பதாகக் கருவி காட்டும்போது கிடைக்கும் அறிவு காண்டலா (புலனால் நேரே அறிதல்), கருதலா (அடையாளத்தைக் கொண்டு ஊகித்தறிதல்) என்பது மெய்யியலில் நெடுநாளாக விவாதிக்கப்படும் வினா. தந்துகி எலக்ட்ரோஃபோரெசிஸில் பயன்படும் ஒளிர்வு முறைகள் இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றன.

தந்துகி எலக்ட்ரோஃபோரெசிஸில் 50 முதல் 75 மைக்ரோமீட்டர் வரை உள்விட்டமுள்ள சிலிக்காக் குழாயின் இரு முனைகளுக்கிடையே 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் தரப்படுகிறது. கரைசலிலுள்ள பொருள்கள் தத்தம் மின்னூட்டத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து பிரிகின்றன. குழாய் நுண்ணியது என்பதால் அதைக் கடக்கும் ஒளி மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். அதை அளப்பது கடினம். ஒளிர்வு முறையோ இருட்டுப் பின்னணியில் எழும் ஒளியை அளக்கிறது. 1988இல் வேதியியலாளர்களான செங், டோவிச்சி இருவரும் அமினோ அமிலங்களோடு ஃப்ளோரசின் சாயத்தைப் பிணைத்து, ஆர்கான் லேசரால் தூண்டி, ஓர் அட்டோமோலுக்கும் குறைவான அளவைக் கண்டறிந்தனர். ஓர் அட்டோமோல் என்பது சுமார் 6 லட்சம் மூலக்கூறுகள். பின்னர் தனி மூலக்கூறையே கண்டறியும் அளவுக்கு இம்முறை வளர்ந்தது.

ஆனால் ஒளிர்வது அமினோ அமிலம் அன்று, அதனோடு பிணைந்த சாயம். அந்த ஒளியும் கண்ணுக்கு வருவதில்லை. வரைபடத்தில் ஒரு முகடாகவே தெரிகிறது. வெறும் புலன்களுக்கு எட்டாதவை உண்மையில் உள்ளன என நம்ப வேண்டியதில்லை, கோட்பாடு நிகழ்வுகளோடு பொருந்தினால் போதும் என்றார் மெய்யியலாளர் பாஸ் வான் ஃப்ராசன் (1980). கையாண்டு விளைவு உண்டாக்க முடிந்த பொருள் உண்மையானதே என்றார் மற்றொரு மெய்யியலாளர் இயன் ஹாக்கிங் (1983). மின்புலத்தால் மூலக்கூறுகளை ஓட்டிப் பிரிப்பது அத்தகைய கையாளல்தான்.

கருதலை இந்திய மெய்யியல் மரபான நியாய தரிசனம் அனுமானம் என்கிறது; புகையைக் கொண்டு நெருப்பை அறிவது அதன் எடுத்துக்காட்டு. புகை நெருப்பிலேயே பிறக்கிறது. சாயமோ மனிதர் இட்ட அடையாளம். வினைபுரியாது எஞ்சிய சாயமும் ஒளிரும். நீரின் ராமன் சிதறலும் ஒளி தரும். எனவே முகடு தோன்றியது மட்டும் சான்றாகாது. பொருள் இல்லாத வெற்று மாதிரியை அதே வழியில் ஓட்டி, அங்கே அம்முகடு இல்லை எனக் காட்ட வேண்டும். பொருள் உள்ள இடத்தில் அடையாளம் இருப்பது அந்நுவயம். இல்லாத இடத்தில் இல்லாமை வெதிரேகம். இரண்டும் சேர்ந்தால்தான் ஏது, அதாவது அனுமானத்துக்கு அடிப்படையான அடையாளம், வலுப்பெறும்.

ஆகவே இவ்வறிவு காண்டல் அன்று, கருதலே. அதனால் அது தாழ்ந்ததும் அன்று. ஆயினும் ஒற்றை மூலக்கூறைக் காட்டும் கருவி ஒற்றை மாசையும் காட்டும். உணர்திறன் கூடக் கூட, வெற்று மாதிரியின் சாட்சியமே முடிவைத் தாங்குகிறது.