சாட்சிக்குச் சாட்சி

ஓர் அறிவு மெய்யானது என்பதை அந்த அறிவே நிலைநாட்டுமா, வேறொன்று வந்து உறுதிசெய்ய வேண்டுமா? இந்தியத் தத்துவ மரபில் மீமாம்சகரும் நையாயிகரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி இது. மறுக்கும் காரணம் எழாதவரை அறிவு தன்னளவிலேயே செல்லும் என்றார் மீமாம்சகரான குமாரிலபட்டர். சான்று புறத்திலிருந்தே வரவேண்டும் என்றனர் நையாயிகர். கணினி வட்டுகளில் தரவைக் காக்கும் முறைகளும் இந்த இரு நிலைகளாகவே பிரிந்து நிற்கின்றன.

ரெய்டு கன்ட்ரோலர் பல வட்டுகளைச் சேர்த்து, இயங்குதளத்துக்கு ஒரே வட்டாகக் காட்டும் வன்பொருள். ஒரு வட்டு பழுதானால் மற்றவற்றைக் கொண்டு சமாளிக்கும். ஆனால், பிழை என்று அறிவிக்காமலே ஒரு வட்டு தவறான தரவைத் தந்தால், கன்ட்ரோலர் பொதுவாக அதை நம்பி மேலே அனுப்பிவிடும். மறுக்கும் காரணம் எழவே வழியில்லாத இடத்தில் குமாரிலரின் நிபந்தனை வெறும் சொல்லாகிவிடுகிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 2001-ல் தொடங்கி, 2005-ல் ஓப்பன்சோலாரிஸ் வழியே வெளிவந்த இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை நையாயிகர் பக்கம் நிற்கிறது. ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் அது ஒரு செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், கணக்கிடுகிறது. அதைத் தொகுதியோடு வைக்காமல், அத்தொகுதியைச் சுட்டும் மேல்தொகுதியில் வைக்கிறது. இந்த இடத்தேர்வில்தான் முறையின் உயிர் இருக்கிறது. எழுதிவிட்டதாகச் சொல்லும் வட்டு உண்மையில் எழுதாமல் விட்டால், பழைய தரவும் அதனருகே இருக்கும் பழைய செக்சமும் ஒன்றுக்கொன்று பொருந்தியே நிற்கும். தனக்குத் தானே சொல்லும் சாட்சியால் இந்தப் பொய்யைப் பிடிக்க முடியாது.

ரெய்டு கன்ட்ரோலர்மேல் இசட்எஃப்எஸ்ஸை அடுக்கும்போது சிக்கல் வருகிறது. இரட்டைப் பிரதி வைத்திருக்கும் கன்ட்ரோலரிடம் இரண்டு சாட்சிகள் உண்டு. அவை முரண்பட்டால் எது மெய் என்று தீர்க்கும் அளவுகோல் இல்லை. அந்த அளவுகோல் இசட்எஃப்எஸ்ஸிடம் இருக்கிறது. ஆனால் அதற்கு எட்டுவது ஒரே வட்டு. கீழே நல்ல பிரதி கிடந்தும் அதைக் கேட்டுப் பெற வழியில்லாமல், பிழையை அறிவிப்பதோடு நின்றுவிடுகிறது. அறியாமையைவிட இது மேல்தான். எனினும் இழந்த கோப்பு இழந்ததே.

மேல்தொகுதியை உறுதிசெய்வது எது, அதற்கும் மேலே எது என்று கேட்டுக்கொண்டே போனால் முடிவே இராது. மீமாம்சகர் எழுப்பிய அனவஸ்தை என்ற தடை இதுவே. இசட்எஃப்எஸ்ஸும் உச்சியில் இருக்கும் ஊபர்பிளாக்கில் இதற்கு இணங்குகிறது. அதற்கு மேல்தொகுதி கிடையாது. தன் செக்சத்தைத் தானே சுமக்கிறது. ஈடாக ஒவ்வொரு வட்டிலும் நான்கு இடங்களில் அதன் பிரதி வைக்கப்படுகிறது. புறச்சான்றை முழுதாக நம்பியவர்களும் ஓரிடத்தில் தன்சான்றை ஏற்றே ஆகவேண்டியிருக்கிறது. ஆனால் அத்தகைய இடங்கள் மிகச் சில என்பதும் வெளிப்படையானவை என்பதும் முக்கியம்.

ஆகவே வட்டுகளை இசட்எஃப்எஸ்ஸிடம் நேராக ஒப்படைப்பதே சரி. வட்டுகளை மறைக்காத எளிய எச்பிஏ அட்டை போதும். ரெய்டு கன்ட்ரோலரை விலக்க முடியாத இடத்தில், குறைந்தது இரண்டு தனித்தனி வட்டுத் தொகுப்புகளையாவது காட்டி, பிரதியெடுக்கும் பொறுப்பை இசட்எஃப்எஸ்ஸிடம் விட வேண்டும்.