நண்பகல் கிணற்றடியில் மணமகன்



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறான இன்று யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைக் கேட்டோம். அதற்கு முந்தைய அதிகாரத்தில் திருமுழுக்கு யோவான் தம்மை மணமகனின் தோழர் என்கிறார். மணமகன் இயேசு. மணமகள் எங்கே? அவளைத் தேடி இயேசு போவது யூதர்கள் பழக விரும்பாத சமாரியருடைய ஊருக்கு. நண்பகல் வேளை. நடந்த களைப்போடு யாக்கோபின் கிணற்றருகில் உட்காருகிறார்.

கிணறு என்றதுமே விவிலியம் அறிந்தவர்களுக்குக் கல்யாணப் பேச்சு நினைவுக்கு வரும். ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன ஊழியர் ரெபேக்காவைக் கண்டது கிணற்றடியில்; குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். யாக்கோபு ராகேலையும், மோசே சிப்போராவின் வீட்டாரையும் சந்தித்தது கிணற்றருகில்தான். இங்கும் ஒரு பெண் குடத்தோடு வருகிறார். இயேசு தண்ணீர் கேட்கிறார்.

இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஐந்து கணவர்கள். ஒழுக்கம் கெட்டவர் என்று இவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணவிலக்குச் சீட்டு எழுதிக்கொடுக்கும் உரிமை அன்று ஆணிடம் இருந்தது. எத்தனை முறை தள்ளிவைக்கப்பட்டாரோ, எத்தனை சாவைக் கண்டாரோ! இயேசு உள்ளதைச் சொல்கிறார். கடிந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாடே நிற்கிறது. கி.மு. 722 வாக்கில் அசீரியர் சமாரியாவைப் பிடித்தார்கள். பிறகு ஐந்து இடங்களிலிருந்து மக்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார்கள். அந்த மக்கள் தங்கள் தெய்வங்களோடு வந்தார்கள். ஐந்து கணவர் என்பதில் இந்த வரலாறும் ஒலிப்பதாக மறைநூல் அறிஞர் சிலர் சொல்வார்கள். அந்த வீழ்ச்சிக்கு முன் அதே நாட்டில்தான் இறைவாக்கினர் ஓசேயா பேசினார். வழிதவறிப்போன மனைவியை அவர் விலை கொடுத்து மீட்டார்: 15 வெள்ளிக்காசு, அதோடு ஒன்றரைக் கலம் வாற்கோதுமை. வெள்ளி போதாமல் வீட்டிலிருந்த தானியத்தையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார் என்றே எனக்குப் படுகிறது. என்னை விட்டுப்போன மக்களை நானும் இப்படித்தான் தேடுவேன் என்று கடவுள் அவர் வாழ்க்கையைக் கொண்டே காட்டினார். ஏழு நூற்றாண்டுகள் கழிந்து, அதே மண்ணில், அந்தக் கடவுளே இயேசுவில் கால் வலிக்க நடந்துவந்து கிணற்றடியில் காத்திருக்கிறார்.

திருஅவையை மணமகள் என்று நாம் சொல்லும்போது, குறையில்லாத ஒருத்தியை நினைத்துக்கொள்கிறோம். பிறகு நம் பங்கைப் பார்க்கிறோம்: சண்டை, சாதி, பண விவகாரம். மனம் உடைந்துபோகிறது. உடையத்தான் வேண்டும். ஆனால் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தைக் கவனியுங்கள். வழக்கமாக மணப்பெண்ணை நீராட்டி அழகுசெய்பவர்கள் அவள் வீட்டார். பவுல் காட்டும் திருமணத்தில் மணமகனே அவளைக் கழுவுகிறார். அவள் அழகாக இருந்ததால் அன்பு வரவில்லை. அன்புகூர்ந்து, உயிரைக் கொடுத்து, அவர்தான் அவளை அழகாக்குகிறார்.

இயேசுவைப் பிலாத்து கையளித்ததும் ஏறக்குறைய நண்பகல் வேளையில்தான் என்று யோவான் குறித்திருக்கிறார். சிலுவையிலும் அவருக்குத் தாகம். கிணற்றடியில் தண்ணீர் கேட்டவரின் விலாவிலிருந்தே இப்போது இரத்தமும் தண்ணீரும் வடிகின்றன. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் வந்ததுபோல, திருஅவை இங்கேதான் பிறந்தது என்று புனித அகுஸ்தினார் கற்பித்தார்.

இதைக் கேட்டும், தங்களுக்கு இனி இடமில்லை என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் இங்கே உண்டு. ஆலயத்துக்குள் வராமல் வாசலோடு திரும்புகிறவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதை முடிந்ததும் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன். எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வாருங்கள். எப்படித் தொடங்குவது என்று மறந்துபோயிருந்தால், அதையே சொல்லித் தொடங்குங்கள்.