காது எட்டாத கை

"வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டு போ! இடக்காதைத் தொடு! எங்கே, தொடு பார்ப்போம்!"

ஆசிரியர் ஆணையிடுகிறார். அரையிலே ஒரு துண்டுத் துணி, கண்ணிலே மருட்சி, எதிரே ஒரு சிறுவன். கை நீள்கிறது, நெளிகிறது, விரல் நுனி காதின் மேல்மடலை நெருங்குகிறது, தொடவில்லை. "இவனுக்கு இன்னும் ஐந்து நிரம்பவில்லை, அடுத்த ஆண்டு அழைத்து வா." தீர்ப்பு முடிந்தது, கதவு அடைபட்டது.

பிறப்புப் பதிவேடு சிற்றூர்களை எட்டிப் பாராத அந்நாளில், வயதை அளக்கும் கோல் அதுதான். திருப்பி அனுப்பப்பட்ட அச்சிறுவன் வேறு யாருமல்லன், என் தாத்தா. அவர் பிறந்த அதே ஐப்பசி மழையிலே பிறந்தவன் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. அதே நாளில், அதே திண்ணையில், அவன் கை எளிதாகக் காதைத் தொட்டது. அவன் உள்ளே போனான். இவர் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு வந்தது. அதற்குள் இவர் கையிலே மாடு மேய்க்கும் கோல் வந்துவிட்டது!

தாத்தா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "எனக்குக் குட்டைக் கையப்பா" என்பார். கை ஏன் குட்டையாயிற்று என்று அவர் கேட்டாரில்லை. அவரைத் திருப்பி அனுப்பிய ஆசிரியரும் கேட்டாரில்லை. பாலும் பருப்பும் உண்டு வளர்ந்த கை காதைத் தொட்டது. கஞ்சியும் இல்லாமல் வளர்ந்த கை தொடவில்லை. அளந்தது வயதையன்று, அடுப்பை! ஆனால் தண்டனை பெற்றதோ குழந்தை.

இன்று நானே ஓர் ஆசிரியன். எனவே, அன்று கேட்கப்படாத கேள்வியை நான் கேட்டாக வேண்டியவனாகிறேன்: ஒத்த வயதுடைய இரு குழந்தைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றின் வளர்ச்சியை மற்றதன் வளர்ச்சியோடு ஒப்பிடுவது அறமா? அறமெனில், எப்போது?

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பணியேற்ற முதலாண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், கணக்கு மதிப்பெண்களை வரிசைப்படி உரக்கப் படித்தேன். முதல்வன் பெற்றது 84. கைதட்டல்! கடைசிப் பெயர் ஒரு சிறுமியுடையது, பெற்றது 33. சிரிப்பொலி! மாலையில் பழைய ஏட்டைப் புரட்டினேன். காலாண்டுத் தேர்வில் அந்த முதல்வன் பெற்றிருந்தது 96. அந்தச் சிறுமி பெற்றிருந்தது 14. பன்னிரண்டு படி இறங்கியவனுக்குக் கைதட்டல். பத்தொன்பது படி ஏறியவளுக்கு ஏளனம்! வளர்ச்சியைப் போற்றவென்றே நியமிக்கப்பட்ட நான், வளர்ந்தவளைத் தலைகுனிய வைத்தேன். வரிசை பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையை மறைத்துவிட்டது.

நம் வீடுகளிலோ இது தாலாட்டுக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. "எதிர்வீட்டுப் பிள்ளை ஒன்பதாம் மாதமே நடந்துவிட்டதே, உன் பிள்ளை இன்னும் தவழ்கிறதே!" என்று ஒரு வாய் சொல்லும். அந்த ஒரு சொல்லால் தாயின் நெஞ்சிலே முள் தைக்கும். உண்மை என்ன? உலக நலவாழ்வு நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை ஆராய்ந்து, 2006இல் வளர்ச்சி அளவைகளை வெளியிட்டது. நலமாக வளரும் குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம், எட்டு மாதத்தைச் சற்றுக் கடந்தது முதல் பதினேழரை மாதம் வரை பரந்து கிடக்கிறது! இடையிலே ஒன்பது மாத வெளி. கைகால் ஊன்றித் தவழாமலேயே எழுந்து நடந்துவிடும் குழந்தைகளும் சிலர் உண்டு. இயற்கை இவ்வளவு அகலமான சாலையை அமைத்திருக்க, நாமோ எதிர்வீட்டுத் திண்ணையை எல்லைக் கல்லாக நட்டுக்கொண்டு ஏங்குகிறோம்.

ஏக்கத்தோடு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஒப்பீடு அரசின் கையிலே ஆயுதமாகும்போது நேர்வது என்ன? அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்திலே நடந்ததைக் கேளுங்கள்.

1905இல் பாரிசு நகரத்து ஆல்ஃபிரட் பினே, சைமன் என்பாருடன் சேர்ந்து, படிப்பிலே பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனி உதவி அளிப்பதற்காக ஒரு தேர்வு முறையை வகுத்தார். எந்த வயதுக் குழந்தை எதைச் செய்யும் என்பதை வைத்து 'மனவயது' கணிக்கப்பட்டது. கைதூக்கி விடுவதற்காகச் செய்த ஏணி அது. கடல் கடந்ததும், அதையே கதவுக்குத் தாழ்ப்பாளாக்கினர் சிலர். கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்கு மனவயது ஒன்பது என்றனர், மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் அடைத்தனர், மகப்பேறற்றவளாக்க முனைந்தனர். குறை வழிவழி வருவது என்று காட்ட அவள் குழந்தையும் வழக்கிலே சான்றாக்கப்பட்டது. 1924இல் விசாரணை. குழந்தைக்கு எட்டு மாதங்கூட நிரம்பவில்லை. சமூகப் பணியாளர் ஒருவர் சாட்சி சொன்னார்: அதே வீட்டில், இதைவிட மூன்றே நாள் மூத்த மற்றொரு குழந்தை இருக்கிறது, அதனோடு ஒப்பிட்டால் இதன் வளர்ச்சியிலே பெரும் வேறுபாடு தெரிகிறது என்று!

மூன்று நாள் மூத்த ஒரு குழந்தை, ஒரு பார்வை, ஒரு சொல். போதுமானதாயிற்று! 1927இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், மூன்று தலைமுறை அறிவிலிகள் போதும் என்ற பொருள்படத் தீர்ப்பளித்தது. கேரி பக் அறுவைக்கு ஆளானாள். பின்னர் அந்நாட்டில் அவ்வாறு மகப்பேறு மறுக்கப்பட்டோர் 60,000க்கும் மேற்பட்டோர். அந்தக் குழந்தை? விவியன் என்பது அவள் பெயர். பள்ளிக்குச் சென்றாள், 1931இல் சிறந்த மாணவர் பட்டியலிலே இடம் பெற்றாள், மறு ஆண்டு, எட்டு வயதில், நோயுற்று இறந்தாள். வர்ஜீனியாவின் ஆளுநர் 2002இல் வருத்தம் தெரிவித்தார். வருத்தம் வந்தது, வாழ்வு வரவில்லை.

"அப்படியானால் ஒப்பீடே வேண்டாம், அளவுகோலை முறித்து அடுப்பிலே போடுவோம்" என்று கூறத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று. ஆனால் என் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்த நாளில், அந்த எண்ணம் மாறிற்று.

ஒரு சிறுவனை அளந்த செவிலியர், வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றார். அவன் தாய் வியந்தாள்: "எங்க தெருவிலே எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானம்மா இருக்கிறார்கள்!" எவ்வளவு உண்மையான விடை! எவ்வளவு கொடிய உண்மை! தெரு முழுவதும் பசித்திருந்தால், பசி தெரியாது. எல்லோரும் குட்டையாயிருக்குமிடத்தில் எவனும் குட்டையல்லன். அங்கே ஒப்பீடு இல்லாமை இரக்கமன்று, இருட்டடிப்பு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நூற்றுக்கு 35.5, தமிழ்நாட்டிலே 25. நான்கு குழந்தைகளில் ஒன்று! ஐந்து வயது நிரம்பிய சிறுவனின் நடுத்தர உயரம் 110 செ.மீ. என்றும், ஏறத்தாழ 101க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்றும் சொல்லும் அளவை இல்லையேல், அந்த நான்கில் ஒன்றை எவர் கண்டிருப்பர்? 'ஏழைப் பிள்ளை அப்படித்தான் இருக்கும்' என்ற பழைய பொய்யல்லவா தொடர்ந்திருக்கும்? ஆறு நாட்டு ஆய்வு நமக்குச் சொன்ன பெருஞ்செய்தி இதுதான்: தாய்ப்பாலும் தக்க உணவும் தூய்மையும் கிட்டினால், நார்வேக் குழந்தையும் இந்தியக் குழந்தையும் தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றாகவே உயர்கின்றன. குட்டை நம் குலத்தின் எழுத்தன்று, குடிசையின் எழுத்து.

ஆக, அளவுகோல் குற்றவாளியன்று. அளந்தபின் நாம் கேட்கும் கேள்வியிலேதான் அறமும் மறமும் பிரிகின்றன. "இக்குழந்தையின் மதிப்பென்ன?" என்று கேட்பது ஒருவகை, "இக்குழந்தைக்குத் தேவையென்ன?" என்று கேட்பது மற்றொரு வகை. முன்னது குழந்தையைக் கூண்டிலே நிறுத்துகிறது. பின்னது நம்மை நிறுத்துகிறது.

இரண்டாவது வகை வெறுங்கனவன்று. நம் மண்ணிலேயே நடந்தது. 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் ஊழியர்கள் நிறுத்தனர். எடையை அட்டையிலே புள்ளியாக இட்டனர். எவன் பெரியவன் என்று பார்க்கவில்லை. சென்ற மாதத்திலிருந்து இக்குழந்தையின் கோடு ஏறுகிறதா, தளர்கிறதா என்று பார்த்தனர். தளர்ந்த குழந்தைக்கு உணவு. கோடு மீண்டும் ஏறியதும் அடுத்த குழந்தையின்பால் கவனம். குழந்தைக்கு ஒப்பு, நேற்றைய அக்குழந்தையே! பிரெஞ்சு நாட்டு மோன்பெயார் 1759 முதல் 1777 வரை, ஆறு மாதத்துக்கொருமுறை தம் மகனை அளந்து எழுதி வைத்தாரே, அதுவும் இவ்வழிதான். மகனோடு மகனையே ஒப்பிட்டார். அறிவியலுக்கு முதல் வளர்ச்சிக்கோடு கிடைத்தது.

சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே உணவிட்டதும், 1956இல் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியதும், 1982இல் சத்துணவாக விரிந்ததும், 2022இல் காலை உணவு தொடங்கியதும், கை எட்டாத குழந்தையைத் திருப்பி அனுப்பாமல், அது எட்டும்வரை ஊட்டவேண்டும் என்ற ஒரே அறத்தின் படிகளன்றோ?

"போட்டியில்லாமல் முன்னேற்றம் ஏது?" என்பர் சிலர். ஓட்டப் பந்தயம் நடக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் கோட்டிலே நின்று ஓடவும், மற்றவன் குழியிலேயிருந்து ஏறி ஓடவும் வைத்துவிட்டு, முதலில் வந்தவனுக்கு மாலையிடுவது பந்தயமாகாது. ஒரே வகுப்பிலே, ஏறத்தாழ ஓராண்டு இளையதும் மூத்ததும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஓராண்டென்பது அதன் வாழ்விலே ஐந்தில் ஒரு பங்கு! அதையும் எண்ணிப் பாராமல் 'மந்தம்' என்று முத்திரை குத்தும் கை, ஆசிரியன் கையாக இருக்கலாகாது.

இப்போது நான் வரிசையைப் படிப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கெதிரே, சென்ற முறை பெற்றதையும் இம்முறை பெற்றதையும் எழுதுகிறேன். எண் இறங்கியிருந்தால் முதலில் கேட்பது, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்பதே. அந்தச் சிறுமி இன்னும் முதல்வியாகவில்லை; ஆகவேண்டுமென்று நானும் துடிக்கவில்லை. ஆனால் சிலேட்டை மறைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டாள்.

சென்ற பொங்கலன்று தாத்தாவின் அருகே அமர்ந்திருந்தேன். வேடிக்கையாக வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டு சென்று, இடக்காதைத் தொட்டுக் காட்டினார். "இப்போது எட்டுகிறது" என்றார், சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, தோழர்களே.