தேன்சிட்டும் தூரிகையும்

அழகிய பொருளைக் கண்டதும் மனம் முதலில் மகிழ்கிறது. மறுகணமே அதைத் தனதாக்கிக்கொள்ள விழைகிறது. அழகை அனுபவிக்க அதை உடைமையாக்கத்தான் வேண்டுமா? பறவை ஓவியங்களின் வரலாறு இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்புகிறது.

ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. மலரின் முன் அந்தரத்தில் சிறகடித்து நின்றவாறே தேன் அருந்துபவை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கூல்டு 1849 முதல் 1861 வரை இப்பறவைகளைப் பற்றி 360 வண்ணச் சித்திரங்கள் கொண்ட நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். இறகின் ஒளியைக் காட்டப் பொன் தகடும் பயன்பட்டது. ஆனால் உயிருள்ள ஹம்மிங் பறவையை அவர் முதன்முதலாகக் கண்டது 1857-இல், அமெரிக்கா சென்றபோதுதான்! அதுவரை அவர் ஆராய்ந்தவை கொன்று பதப்படுத்தப்பட்ட உடல்களே.

நம் நாட்டில் அவற்றைப்போல் மலர்த்தேன் உண்பது தேன்சிட்டு. இனத்தால் இரண்டும் வேறு. உணவுமுறையே ஒப்புமையைத் தந்தது. தேன்சிட்டுகளுக்கென ஷெல்லி என்பவர் 1876 முதல் 1880 வரை வெளியிட்ட நூலுக்குச் சித்திரம் வரைந்த கூலமன்ஸும் பெரும்பாலும் பதப்படுத்திய உடல்களைப் பார்த்தே வரைந்தார்.

அவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் பறக்கும் பறவையைப் படமெடுக்கும் கருவி அன்று இல்லை. அந்நூல்கள் பலருக்குப் பறவைகள்பால் அன்பையும் ஊட்டின. இன்றோ துப்பாக்கி தேவையில்லை. ஆயினும் நல்ல படத்துக்காகக் கூட்டை நெருங்குவோரும், பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை ஏமாற்றி அழைப்போரும் உண்டு. கருவி மாறியது, ஆசை மாறவில்லை.

இடுக்கி மாவட்டத்து வட்டவடையை அடுத்துள்ளது பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. 2003-இல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு சுமார் 1.32 சதுர கிலோமீட்டர்தான். இத்தகைய மலைக்காடுகளில், மரக்கிளையில் வளரும் புல்லுருவியின் குழல்மலரைத் தேன்சிட்டு நாடுகிறது. வளைந்த அலகை நுழைத்துத் தேனை உறிஞ்சுகிறது. தன்மேல் ஒட்டிய மகரந்தத்தை அடுத்த மலருக்குக் கொண்டு சேர்க்கிறது. அது பெறுகிறது; மலரும் பெறுகிறது. சில வேளைகளில் மலரின் அடியைத் துளைத்து, கைம்மாறின்றித் தேனைக் கவர்வதும் உண்டு. பறவைக்கு இரண்டும் இயல்பே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மனிதனுக்கே உரியது.

சோலையின் ஓரத்தில் அசையாது அமர்ந்து வரைபவனுக்குப் பறவை சில கணங்களே காட்சி தரும். கோடு முடியுமுன் அது பறந்துவிடலாம். தாளில் எஞ்சுவது அரைகுறைச் சித்திரமே. ஆனால் அதற்காக ஓர் உயிரும் அஞ்சவில்லை. ஒரு கூடும் கலையவில்லை. அப்பறவை நாளையும் அம்மலருக்கு வரும். அந்தக் காத்திருப்பே தவம். அழகை உடைமையாக்காமல் அனுபவிக்கும் வழியும் அதுவே.